சம்பாவுக்கு இரண்டு வீட்டுத் தண்ணீர்

அந்தமானின் ஹட் பேயில் பிப்ரவரி பிறந்துவிட்டால் வானம் கையை விரித்துவிடும். மாதக்கணக்கில் ஓயாமல் கொட்டிய மழை, கோபித்துக்கொண்டு போன மருமகனைப் போல எட்டிக்கூடப் பார்க்காது. கிணறு அடி காட்டும். பைப்பில் ஒரு நாள் தண்ணீர் வரும், இரண்டு நாள் வராது. அப்படிப்பட்ட ஒரு காலையில் முஸ்லிம்களின் இடுகாடான கபர்ஸ்தானில் ஒரு சின்னச் சம்பாக் கன்றைச் சுற்றி மட்டும் மண் சொதசொதவென்று இருப்பதைப் பார்த்து நஜிமுதீன் திகைத்து நின்றார். அவர் கொண்டுவந்த இரண்டு தண்ணீர் பாட்டிலின் மூடியையும் இன்னும் திறக்கவே இல்லை.

நேற்று ஊற்றியது காயவில்லையா? இந்த வெயிலிலா? அல்லது இப்போதுதான் ஊற்றிவிட்டு, பாட்டிலை மறுபடி நிரப்பிக்கொண்டு வந்து நிற்கிறோமா? அறுபதை எட்டப்போகிற மனிதர், தனியாக இருக்கிறவர், அப்படியும் நடக்கலாம் என்று நினைத்துக்கொண்டார். இரண்டு பாட்டிலையும் திறந்து அதையும் ஊற்றினார். ஊற்றாமல் திரும்பிப் போக மனசு வரவில்லை.

கப்பல் ஜெட்டியிலிருந்து கடைத்தெருவுக்கு நடந்தால் வாளியும் தார்ப்பாயும் நைலான் கயிறும் வாசலில் தொங்குகிற கடை ஒன்று வரும். அதுதான் நஜிமுதீன் கடை. தொண்டிப் பக்கத்து ஆள். மீசை சரியாக முளைக்காத வயதில் மாமாவோடு கப்பலேறி போர்ட் பிளேருக்கு வந்து, இன்னொருவர் கடையில் பாத்திரம் துடைத்து அடுக்கி, பிறகு இங்கே சொந்தமாகக் கடை போட்டார். சுனாமி அந்தக் கடையை வாரிக்கொண்டு போனது. மறுபடி போட்டார். வியாபாரத்தில் கெட்டி. தமிழனிடம் தமிழும் பெங்காலியிடம் ஹிந்தியும் பேசி, வாளி வாங்க வந்தவன் தலையில் குடத்தையும் கட்டி அனுப்பிவிடுவார். வீட்டில்தான் அந்த வாய் வேலை செய்யாது. மனைவி அஸ்மா ஏதாவது கேட்டால் பாதிப் பதிலோடு செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுகிற ரகம்.

போன ஜூனிலும் அப்படித்தான் கிளம்பினார். அஸ்மாவுக்குக் காய்ச்சல். "இந்தக் கப்பல்ல போகாதீங்க, அடுத்த கப்பல்ல போகலாம்ல" என்றாள். கடைக்குச் சரக்கு எடுக்க போர்ட் பிளேர் போக வேண்டும், டிக்கெட் கிடைப்பதே பெரும்பாடு. "காய்ச்சலுக்கு நான் என்ன பக்கத்துல உக்காந்து விசிறவா?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார். அவள் காதில் அவர் போட்ட கடைசி வார்த்தை அதுதான். மூன்றாம் நாள் கடல் கெட்டுப்போய்க் கப்பலை நிறுத்திவிட்டார்கள். நான்காம் நாள் ஃபோன் வந்தது. மகன் ஃபைசான் சென்னையில், இவர் போர்ட் பிளேரில், நடுவில் கடல். மையித்தை வீட்டில் எத்தனை நேரம் வைத்திருப்பது? ஊர்க்காரர்களே குளிப்பாட்டி, தொழுது, அடக்கிவிட்டார்கள்.

கடல் அடங்கி அவர் வந்து இறங்குவதற்குள் பக்கத்திலேயே மரக்கடை சாயபுவின் அடக்கமும் நடந்துவிட்டது. மழை நின்றபாடில்லை. அந்த ஜமாஅத்தில் கபருக்கு மேலே கல் எழுப்பும் வழக்கமும் இல்லை, பெயர் எழுதும் வழக்கமும் இல்லை. அடக்கியதும் தலைமாட்டில் ஒரு பச்சைக் கொப்பை ஊன்றுவார்கள். அது பச்சையாக இருக்கும்வரை இறைவனைத் துதிக்கும், உள்ளே இருப்பவருக்கு லேசாக இருக்கும் என்று நம்பிக்கை. கபர்ஸ்தான் வாசலில் ஒரு கிழட்டுச் சம்பா மரம் நிற்கிறது. நடுவில் மஞ்சள் ஓடிய வெள்ளைப் பூ, ஒடித்தால் பால் வடியும் தடித்த கிளை. தமிழ்நாட்டில் அதை ஈழத்தலரி என்பார்கள், பெருங்கள்ளி என்பார்கள், ஊருக்கு ஒரு பெயர். தீவில் எல்லாருக்கும் சம்பாதான். இரண்டு கபருக்கும் அந்த ஒரே மரத்தில்தான் கொப்பு ஒடித்தார்கள்.

பள்ளிவாசல் மோதினார் குடையைப் பிடித்துக்கொண்டு, "அந்தா, கொப்பு ஊணியிருக்குல்ல, அதுதான்" என்று கையைக் காட்டினார். நஜிமுதீன் கண்ணில் மழையும் இருந்தது, கண்ணீரும் இருந்தது. ஒரு கொப்பு தெரிந்தது. அதன் பக்கத்தில் போய் நின்றார்.

நின்றார், அவ்வளவுதான். என்ன சொல்வதென்று தெரியவில்லை. துஆ ஓதினார். அதற்கு மேல் சொல்ல வேண்டியதைச் சொல்லாமலே திரும்பினார். மறுநாளும் வந்தார், அதற்கு மறுநாளும் வந்தார். மழை இரண்டு மேட்டையும் கரைத்துத் தரையோடு தரையாக்கியது. பக்கத்துக் கொப்பு அழுகிச் சாய்ந்து காணாமல் போனது. இவருடைய கொப்பு மட்டும் நின்றது. ஆகஸ்ட் மாதம் ஒரு நாள் அதன் நுனியில் எலிக்காது அளவுக்கு ஒரு துளிர் எட்டிப் பார்த்தது.

நஜிமுதீன் அந்த ஈர மணலிலேயே உட்கார்ந்துவிட்டார். கோபம் போய்விட்டது என்று அஸ்மா சொல்லிவிட்டாள்! அவருக்கு அதில் சந்தேகமே இல்லை. இவர் வாயைத் திறப்பதற்கு முன்பே மன்னித்துவிட்டாள், எப்போதும் போல. பிறகென்ன, வாய் திறந்துகொண்டது. சரக்கு வராத கதை, பருப்பு அடிபிடித்த கதை, ஃபைசான் சென்னைக்குக் கூப்பிடுகிற கதை எல்லாவற்றையும் தினமும் வந்து கன்றிடம் கொட்டினார். அந்த ஜூன் மாதத்துப் பேச்சை மட்டும் எடுக்கவே இல்லை. அதுதான் தீர்ந்துபோன விஷயம் ஆயிற்றே.

பிள்ளை வளர்ப்பது போல வளர்த்தார். கோழி கிளறாமல் இருக்க சுற்றிலும் மூங்கில் பட்டை நட்டார். இலைக்கு அடியில் ஆரஞ்சுப் பொடி மாதிரி நோய் வந்தபோது ஒவ்வொரு இலையாகத் துணியால் துடைத்தார். விரல் தடிமனுக்குப் புழு ஒன்று வந்து ஒரே ராத்திரியில் இரண்டு இலையைத் தின்றபோது, அதைக் கொல்லவும் மனமில்லாமல் விடவும் மனமில்லாமல் இலையோடு கிள்ளி எடுத்துக்கொண்டு போய் வேலிக்கு அப்பால் விட்டுவிட்டு வந்தார். டீக்கடையில் தேயிலைச் சக்கை வாங்கி அடியில் போட்டார்.

டிசம்பர் கடைசியில் இலைகள் மஞ்சளித்து விழ ஆரம்பித்தன. ஜனவரி முடிவதற்குள் மொட்டைக் குச்சி. நஜிமுதீனுக்குச் சோறு இறங்கவில்லை. என்ன செய்துவிட்டோம்? அவள் சேலைகளை எடுத்துப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்ததாலா? அவள் தையல் மெஷின் மேல் பெயின்ட் டப்பாவை வைத்ததாலா? டப்பாவை எடுத்தார், மெஷினைத் துடைத்தார், எண்ணெய்கூட விட்டார். இலை வரவில்லை. ஒரு பாட்டில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தவர் இரண்டு பாட்டில் ஊற்றத் தொடங்கினார். அப்போதுதான் இந்த ஈர மண் குழப்பம்.

மறதி என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டு இருந்துவிடலாம். ஆனால் ஒரு சனிக்கிழமை காலையில் கன்றின் அடியில் நொறுக்கிப் போட்ட முட்டை ஓடு கிடந்தது. நஜிமுதீன் வீட்டில் முட்டை வாங்கியே ஏழெட்டு மாதமாகிறது.

கயிறு வாங்கக் கடைக்கு வந்த தேவேந்திரனைக் கையோடு கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார். தேவேந்திரன் நர்சரியில் வேலை பார்ப்பவன், மதுரைப் பக்கத்துக் குடும்பம். குனிந்து கன்றின் அடித்தண்டை விரலால் அழுத்திப் பார்த்தான். வாழைப்பழம் போல லேசாக உள்ளே போனது.

"பாய், இத்தனை பானி எதுக்கு டாலுறீங்க? இவ்வளவு தண்ணி ஊத்தி ஊத்தி அடி அழுகுது பாருங்க."

"இலையே இல்லையே தேவேந்திரா."

"சம்பா அப்படித்தான் பாய். வெயில் காலத்துல எல்லாத்தையும் உதுத்துட்டுத் தூங்கும். மழை விழுந்தா தானா எழுந்திரிக்கும். தூங்குறதை எழுப்பி எழுப்பித் தண்ணி கொடுத்தா எது தாங்கும்?"

"நான் ரெண்டு பாட்டில்தான் ஊத்துறேன்."

"ரெண்டு பாட்டிலுக்கு இவ்வளவு சேறு ஆகாது. வேற யாரோ ஊத்துறாங்க." கையைத் தட்டிவிட்டு எழுந்தான். "யாருன்னு பாத்து நிறுத்துங்க. இல்லேன்னா இது போயிரும்."

தேவேந்திரன் ஆறுதல் சொல்லிவிட்டதாக நினைத்துக்கொண்டு போய்விட்டான். நஜிமுதீனுக்குத்தான் தலை கிறுகிறுத்தது. இலை உதிர்வது மரத்தின் வழக்கம், அஸ்மாவின் கோபம் இல்லை. நல்லது. அப்படியென்றால் இலை துளிர்த்தது? அதுவும் மரத்தின் வழக்கம்தானா? ஒன்றை வழக்கம் என்று ஒப்புக்கொண்டு இன்னொன்றை அஸ்மா என்று சொன்னால் கணக்கு எப்படி ஒத்துவரும்? அதைவிடப் பெரிய கேள்வி ஒன்றும் வந்து உட்கார்ந்துகொண்டது. என் வீட்டுக்காரியின் கபருக்கு வேறு யார் தண்ணீர் ஊற்றுவது?

மோதினாரைக் கபர்ஸ்தானுக்குக் கூட்டிக்கொண்டு வந்தார். மோதினார் தாடியை நீவிக்கொண்டு யோசித்தார்.

"கடல் பக்கம் இருக்கறது உங்க வீட்டு அம்மா. கன்று நிக்கிற இந்தப் பக்கம் மரக்கடை சாயபு."

"நான் தினமும் நின்னுக்கிட்டு இருக்கறது இந்தப் பக்கம், மோதினாரே!"

"அப்படியா? அப்போ இந்தப் பக்கம்தான் உங்க வீட்டு அம்மா."

"ரெண்டும் எப்படி?"

"அன்னைக்கு மழை எப்படி அடிச்சுது? குழிக்குள்ள தண்ணி, நான் வழுக்கி விழுந்து முட்டி பேந்து கிடக்கேன். முதல்ல அடக்கினது உங்க வீட்டு அம்மாவா, சாயபா?"

"அம்மாதான் முதல்ல."

"அப்போ கடல் பக்கம்." கொஞ்சம் நிறுத்தினார். "இல்ல, அந்த வரிசை இங்கேருந்துல்ல ஆரம்பிக்குது. அல்லாஹ்வுக்குத் தெரியும் பாய். நீங்க ரெண்டு பேருக்கும் சேத்து துஆ செய்யுங்க, நன்மைதான்."

நன்மை இருக்கட்டும். இத்தனை மாதம் பருப்பு அடிபிடித்த கதையை மரக்கடை சாயபுவிடமா சொல்லிக்கொண்டிருந்தோம் என்று நினைத்ததும் நஜிமுதீனுக்குக் காது மடல் சூடாகிவிட்டது. அந்த மனிதர் உயிரோடு இருந்த காலத்தில் அவரோடு நாலு வார்த்தை பேசியதில்லை. அவர் எங்கே இருந்தால் என்ன! கன்று இருக்கும் இடத்தில் அஸ்மா இல்லையென்றால் அந்தத் துளிரும் அவளுடையது இல்லை. மன்னிப்பு வந்ததாக நினைத்து நிம்மதியாகத் தூங்கியதெல்லாம் அடுத்தவர் வீட்டுத் தின்பண்டத்தைத் தின்ற கதைதான். 

முட்டை ஓடு சனிக்கிழமை கிடந்தது. மண்ணும் சனிக்கிழமைகளில்தான் அதிகம் நனைந்திருந்தது. அப்படியென்றால் ஆள் வருவது வெள்ளிக்கிழமை. வெள்ளிக்கிழமை எப்போது? யோசிக்க ரொம்ப நேரம் ஆகவில்லை. ஊரில் உள்ள ஆம்பளைகள் அத்தனை பேரும் ஜும்ஆ தொழுகைக்குப் பள்ளிவாசலுக்குள் இருக்கிற நேரத்தில்தான் கபர்ஸ்தானில் ஈ காக்கை இருக்காது.

அடுத்த வெள்ளிக்கிழமை நஜிமுதீன் குளித்து, வெள்ளைச் சட்டை போட்டு, அத்தர் பூசிக்கொண்டு புறப்பட்டார். பள்ளிவாசல் வாசல் வரை போனார். பிறகு திருடனைப் போல இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, கபர்ஸ்தான் சுவருக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார். கப்பலில் இருந்த வெள்ளிக்கிழமைகளைத் தவிர ஜும்ஆவைத் தவறவிட்டதில்லை அவர். பள்ளிவாசலுக்குள் நடக்கிற பயான், அந்த மார்க்கப் பிரசங்கம், ஒலிபெருக்கியில் கேட்டது. தன்னைப் பற்றித்தான் பேசுகிறார்களோ என்று இருந்தது.

வந்தது ஒரு பெண். துப்பட்டாவை இழுத்துப் போர்த்தியிருந்தாள், கையில் ஒரு பிளாஸ்டிக் குடம். நஜிமுதீன் கடைக் குடம்தான், அவருக்கு அடையாளம் தெரிந்தது. அந்த ஊரில் பெண்கள் கபர்ஸ்தானுக்குள் வருகிற வழக்கம் இல்லை. அவள் குனிந்தபடியே ஓட்டமும் நடையுமாக நேரே கன்றுக்குப் போய்க் குடத்தைச் சாய்த்து ஊற்ற ஆரம்பித்தாள்.

"ஊத்தாத! ஊத்தாத புள்ள!" என்று நஜிமுதீன் கத்திக்கொண்டே சுவரைச் சுற்றி ஓடிவந்தார்.

அவள் வெலவெலத்துப் போய்க் குடத்தைக் கீழே போட்டாள். ஷாஹினா. மரக்கடை சாயபுவின் மகள். கட்சால் தீவில் வாழ்க்கைப்பட்டவள், இப்போது பஜாரில் தையல் கடை வைத்திருக்கிறாள்.

"மாமா, யார்கிட்டயும் சொல்லிராதீங்க. நான் வந்தது தப்புத்தான். வாப்பாவுக்குத் தண்ணி ஊத்திட்டுப் போயிருவேன்."

"வாப்பாவா? இது அஸ்மா, புள்ள."

"இல்ல மாமா, இது எங்க வாப்பா. சம்பாக் கொப்பு ஊணியிருக்குன்னு எனக்குச் சொன்னாங்க."

"எனக்கும் அதைத்தான் சொன்னாங்க."

இரண்டு பேரும் கன்றைப் பார்த்தார்கள். மொட்டைக் குச்சி, அடியில் தேங்கிய தண்ணீர், தேயிலைச் சக்கை, முட்டை ஓடு. ஒரே குழந்தைக்கு இரண்டு வீட்டில் மாற்றி மாற்றிச் சோறு ஊட்டிய லட்சணம் தெரிந்தது. பாவம், அது அஜீரணத்தில் சாகக் கிடக்கிறது.

நஜிமுதீன் மோதினார் சொன்னதைச் சொன்னார், கடல் பக்கம், இந்தப் பக்கம், வரிசை எல்லாம். அவர் சொல்லச் சொல்ல ஷாஹினாவின் முகம் வெளுத்துக்கொண்டே வந்தது.

"அப்படிச் சொல்லாதீங்க மாமா" என்றாள். "நான் அவரைக் கேக்காம நிக்காஹ் பண்ணிக்கிட்டேன். அன்னையிலேருந்து வாப்பா என்கூட ஒரு வார்த்தை பேசல. முடியாமக் கிடக்காருன்னு ஓடி வந்தேன். என்னையப் பாத்துட்டு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கிட்டாரு. அப்படியே போயிட்டாரு." மூக்கை உறிஞ்சினாள். "அப்புறம் இது துளிர்த்துச்சு. சுவத்துக்கு அந்தாண்ட நின்னு பாத்தேன். அவரு என்கிட்ட பேசினது அது ஒண்ணுதான் மாமா."

நஜிமுதீன் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். அவர் யாரிடமும் சொல்லாமல் நெஞ்சுக்குள் வைத்திருந்ததை, இந்தப் பெண் வேறொரு வீட்டுக் கதையாக அப்படியே எடுத்துச் சொல்லிவிட்டாள். முளைத்தது ஒரே ஒரு துளிர். அது இரண்டு பேருக்கு எப்படிப் பதில் சொல்லும்? என்னுடையது என்று பிடிவாதமாக நிற்கலாம். வயசில் மூத்தவர், ஆம்பளை, கபர்ஸ்தானுக்குள் வர உரிமை உள்ளவர். நின்றால் அவள் ஒதுங்கிப் போய்விடுவாள். அவருக்கும் அந்தத் துளிர் வேண்டும்தான். அது இல்லாமல் இன்று ராத்திரி எப்படிக் கண்ணை மூடுவது?

ஆனால் அஸ்மா அவரோடு பேசியிருக்கிறாள். முப்பது வருஷம் பேசியிருக்கிறாள். திட்டினாள், கேலி செய்தாள், கடைக்கணக்கில் தப்புப் பிடித்தாள், அவர் செருப்பை மாட்டிக்கொண்டு போனபிறகும் கதவைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தாள். இந்தப் பெண்ணுக்குச் சுவர்ப் பக்கம் திரும்பிய முகத்தைத் தவிர என்ன இருக்கிறது?

"இப்பத்தான் புள்ள எனக்கு ஞாபகம் வருது" என்றார். "மோதினார் அன்னைக்குக் கையைக் காட்டினது கடல் பக்கம். மழையில நான்தான் மாத்திப் பாத்துட்டேன். அஸ்மா அங்கே இருக்கா. இது உங்க வாப்பாதான்."

"நெசமாவா மாமா?"

"அல்லாஹ் மேல..." என்று ஆரம்பித்தவர் நாக்கைக் கடித்துக்கொண்டார். வெள்ளிக்கிழமை, கபர்ஸ்தான், ஜும்ஆவுக்கும் போகவில்லை. இதில் பொய்ச் சத்தியம் வேறா? பொய்தானா என்பதும் அவருக்குத் தெரியவில்லை. ஒருவேளை மோதினார் கடல் பக்கம்தான் காட்டியிருப்பாரோ? "சத்தியமெல்லாம் எதுக்கு? பெரியவன் சொல்றேன்ல. உங்க வாப்பா உன்கிட்ட பேசிட்டாரு, அவ்வளவுதான்."

ஷாஹினா துப்பட்டாவால் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். நஜிமுதீன் எங்கேயோ பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு இரண்டு பேருமாகத் தேங்கிய தண்ணீர் ஓடக் கையாலேயே வாய்க்கால் கீறிவிட்டார்கள். சக்கையையும் முட்டை ஓட்டையும் அள்ளி எடுத்துவிட்டு, காய்ந்த மணலைக் கொண்டுவந்து அடியில் போட்டார்கள்.

"மழை வர்ற வரைக்கும் ஒரு சொட்டு ஊத்தக் கூடாது. இலை இல்லேன்னு பயப்படாத. அது கோபம் இல்ல, தூக்கம்."

"பொழைச்சுக்குமா மாமா?"

"தேவேந்திரனைக் கூட்டிக்கிட்டு வந்து காட்டுறேன். நீ போ, தொழுகை முடியப் போகுது."

அவள் வெறும் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு போய்விட்டாள். வாசலில் ஒருமுறை திரும்பிக் கன்றைப் பார்த்தாள். அந்த முகத்தில் இருந்த நிம்மதியைப் பார்த்து நஜிமுதீனுக்குச் சந்தோஷமாகவும் இருந்தது, பொறாமையாகவும் இருந்தது.

நாலு எட்டு வைத்துக் கடல் பக்கம் போனார். அங்கே ஒன்றுமே இல்லை. கொஞ்சம் புல், கொஞ்சம் மணல், நண்டு தோண்டிய ஒரு பொந்து. மேடு என்று சொன்னால்தான் மேடு. இலை இல்லை, குச்சிகூட இல்லை, இவர் சார்பில் பேச யாருமே இல்லை. வெள்ளை வேட்டியோடு தரையில் உட்கார்ந்தார். பள்ளிவாசலிலிருந்து ஆட்கள் வெளியே வருகிற சத்தம் கேட்டது.

"அஸ்மா" என்றார். பருப்புக் கதை வரவில்லை, சரக்குக் கதையும் வரவில்லை. "நீ போகாதேன்னு சொன்னப்போ நான் இருந்திருக்கணும். விசிறவான்னு கேட்டேன் பாரு, அப்படிக் கேட்டிருக்கக் கூடாது. என்னை மன்னிச்சுக்க."

சொல்லி முடித்துவிட்டுக் காத்திருந்தார். எதுவும் அசையவில்லை. கீழே இருப்பது அவள்தானா, அந்தப் பெண்ணின் வாப்பாவா என்று இப்போதும் அவருக்குத் தெரியவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு, இரண்டு இடத்துக்கும் கேட்கிற மாதிரி, கொஞ்சம் சத்தமாக மறுபடியும் சொன்னார்.